மசித்ததைத் துப்பும் குழந்தைக்கு மதியம் கையில் எதைக் கொடுப்பது?

கேள்வி: 2 ஜூன் 2024, ஞாயிறு

என் மகளுக்கு 8 மாதம் முடிந்துவிட்டது. மசித்த பருப்புச் சோறு, கேரட் கூழ், சத்துமாவுக் கஞ்சி எதுவாக இருந்தாலும் கரண்டி கிட்டே வந்தவுடன் வாயை இறுக மூடிக்கொள்கிறாள். எப்படியோ உள்ளே போய்விட்டால் துப்பிவிடுகிறாள். ஆனால் நாங்கள் சாப்பிடும்போது என் தட்டிலிருந்து இட்லித் துண்டை எட்டி எடுத்துச் சப்புகிறாள். காலையில் இட்லி, மாலையில் பழம் என்று ஓட்டிவிடலாம், மதியச் சாப்பாட்டுக்குத்தான் வழி தெரியவில்லை. சோற்றை எப்படிக் கையில் கொடுப்பது? மாமியார், பல் வரும் வரை மசித்துத்தான் கொடுக்க வேண்டும் என்கிறார். இரண்டு பல்தான் முளைத்திருக்கிறது. வீடு தக்கலை, மீனும் முட்டையும் சாப்பிடும் குடும்பம்.

2 ஜூன், இரவு

உங்கள் மகள் உணவை மறுக்கவில்லை, கரண்டியைத்தான் மறுக்கிறாள். தட்டிலிருந்து இட்லியைத் தானே எடுத்துச் சப்புகிற குழந்தைக்குப் பசியும் உண்டு, சாப்பாட்டில் ஆர்வமும் உண்டு. என் மூத்தவளும் இதே வயதில் இப்படித்தான் இருந்தாள். இன்னொருவர் வாயில் வைப்பதை அவள் ஏற்கவே மாட்டாள், தன் கையால் எடுத்ததை மட்டும் தின்பாள். நாகர்கோவிலில் அப்போது எங்கள் வீட்டுக்கு வந்துபோன அத்தனை பேரும் "நிலாவைக் காட்டு, காக்காயைக் காட்டு, செல்போனைக் காட்டு" என்றார்கள். கவனத்தைத் திருப்பிவிட்டு வாய் திறக்கும் நேரம் பார்த்து ஊட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தான் எதைத் தின்கிறோம், வயிறு எப்போது நிறைந்தது என்பது குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

பல்லைப் பற்றி. மெல்லுவதற்கான கடைவாய்ப் பற்கள் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குப் பிறகுதான் முளைக்கின்றன. முன்னால் இருக்கிற இரண்டு பல்லும் கடிக்க உதவுமே தவிர அரைக்க உதவாது. ஆகவே பல்லுக்காகக் காத்திருப்பதென்றால் ஒன்றரை வயது வரை காத்திருக்க வேண்டியதாகிவிடும். ஈறு போதும். விரலைச் சுத்தமாகக் கழுவி அவள் ஈறில் ஒருமுறை வைத்துப் பாருங்கள், எவ்வளவு பலம் இருக்கிறது என்று தெரியும்.

மாமியாரிடம் சொல்வதற்கு உதவக்கூடிய செய்தி ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், கட்டிகட்டியான உணவை 10 மாதத்துக்குப் பிறகே முதன்முதலாகப் பெற்ற குழந்தைகளுக்கு 15 மாத வயதில் சாப்பாட்டுத் தகராறு கூடுதலாக இருந்தது என்று 2001-இல் எழுதினார்கள். அதே குழந்தைகளை 7 வயதில் மறுபடி பார்த்தபோதும், தாமதமாகத் தொடங்கியவர்கள் காயும் பழமும் குறைவாகவே சாப்பிட்டார்கள். 8 மாதத்தில் உங்கள் மகள் கட்டியான உணவைக் கேட்கிறாள் என்றால், கேட்க வேண்டிய வயதில்தான் கேட்கிறாள்.

சோற்றைப் பற்றி நாளை எழுதுகிறேன். அதுதான் இதில் உண்மையான சிக்கல்.

3 ஜூன், திங்கள்

கையில் பிடித்துத் தின்னும் உணவு என்று தேடினால் கிடைப்பதெல்லாம் ரொட்டி, பாஸ்தா, சீஸ், அவகாடோ என்றுதான் வருகிறது. நம் வீட்டில் மதியம் 12 மணிக்கு அடுப்பில் இருப்பது சோறும் குழம்பும் கூட்டும்தான். குழந்தைக்கென்று வேறொரு சமையல் செய்யத் தொடங்கினால் அந்த உற்சாகம் ஒரு வாரம் நீடித்தால் பெரிது. அன்றைய உலையிலிருந்தும் குக்கரிலிருந்தும் எடுத்துக்கொடுக்க முடிந்தால் மட்டுமே இது நிலைக்கும்.

சோறு தனித்தனிப் பருக்கையாக இருக்கும்வரை 8 மாதக் குழந்தைக்கு அது எட்டாத உணவு. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துப் பருக்கையைப் பொறுக்கும் திறமை ஏறக்குறைய 9 மாதத்தில்தான் கைகூடும். அதற்கு முன் உள்ளங்கையோடு சேர்த்து வளைத்துப் பிடிக்கத்தான் தெரியும், பிடித்ததில் முட்டிக்கு (மூடிய கைக்கு) வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைத்தான் தின்ன முடியும். ஆகவே துண்டு அவள் முட்டியைவிட நீளமாக இருக்க வேண்டும். உங்கள் சுண்டுவிரல் நீளம், இரண்டு விரல் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவுக்கு அச்சாகப் பொருந்துகிற பண்டம் ஒன்று நம் வீட்டிலேயே காலங்காலமாக இருக்கிறது: பிடிகொழுக்கட்டை. மாவை உள்ளங்கையில் வைத்து விரல்களால் ஒரு அழுத்து அழுத்தும்போது விழும் நான்கு பள்ளங்களில் குழந்தையின் விரல் நன்றாகப் பதிகிறது, வழுக்குவதில்லை. நாம் பிடிப்பது பெரிதாக இருக்கும் என்பதால் சின்னதாக, நீளவாக்கில் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் வெறும் பச்சரிசி மாவில் செய்யாதீர்கள். அது வாயில் பசைபோல ஒட்டிக்கொண்டு அண்ணத்தை விட்டு இறங்காது. அரிசியையும் சிறுபருப்பையும் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் சேர்த்து லேசாக வறுத்து, மிக்ஸியில் ரவையாக உடைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணம் ரவைக்கு மூன்று கிண்ணத்துக்குக் குறையாமல் தண்ணீர் விட்டு, சீரகமும் நெய்யும் சேர்த்துக் குழைய வேகவைத்து, துருவிய பரங்கிக்காயோ பொடியாக நறுக்கிய கீரையோ கலந்து, ஆறியதும் பிடித்து ஆவியில் வைத்தெடுங்கள். உப்பு வேண்டாம். விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், உடைந்து தூளாகக் கூடாது. தூளானால் தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

இதைச் செய்ய நேரமில்லாத நாளில், சோறும் பருப்பும் குழையக் குழைய வெந்ததைத் தட்டில் நெய் தடவிப் பரப்பி, ஈரக் கையால் ஒரு விரல் கனத்துக்கு அழுத்தி ஆறவிட்டு, கத்தியால் நீளத் துண்டுகளாக வெட்டலாம். நம் ஊர்ச் சிவப்புச் சம்பா அரிசிச் சோறு இப்படி ஒட்டாது. அதற்குப் பச்சரிசிதான் தோது.

3 ஜூன், சற்றுப் பின்

உருண்டையாகப் பிடிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பாட்டிமார் பிடித்துக்கொடுத்த நெய்ச்சோற்று உருண்டையின் அருமை எனக்கும் தெரியும். ஆனாலும் உருண்டை முழுதாக வாய்க்குள் போகக்கூடிய வடிவம் என்பதால் ஒரு வயதுக்குள் நான் தவிர்ப்பேன். அதே சோற்றை நீட்டமாகவோ தட்டையாகவோ பிடித்துவிட்டால் கவலை இல்லை. குழிப்பணியாரத்தையும் நான்காக வெட்டித்தான் தட்டில் வைக்க வேண்டும்.

5 ஜூன், புதன்

துண்டு தொண்டையில் அடைத்துவிடுமோ என்ற பயத்தைப் பற்றி நீங்கள் தனியாக எழுதியதைப் படித்தேன். அந்தப் பயம் நியாயமானது. அதை "ஒன்றும் ஆகாது" என்று தள்ளிவிடுகிறவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். குமட்டலுக்கும் மூச்சடைப்புக்கும் உள்ள வேறுபாட்டை வீட்டில் இருக்கிற எல்லோரும், முக்கியமாகப் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற மாமியார், தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

குமட்டும்போது குழந்தை சத்தம் போடும், முகம் சிவக்கும், கண்ணில் நீர் வரும், நாக்கு வெளியே நீளும், துண்டு முன்னுக்கு வந்து விழும். சின்னக் குழந்தைகளுக்கு இந்தக் குமட்டல் உணர்வு பெரியவர்களைவிட நாக்கின் முன்பக்கத்திலேயே தூண்டப்படுகிறது. அது பாதுகாப்புக்காக உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு. அப்போது வாயில் விரலை விட்டால் துண்டு உள்ளே தள்ளப்படும், ஆகவே பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூச்சடைப்பு வேறு. அதில் சத்தம் இருக்காது, அழக்கூட முடியாது, உதடு நீலம் பாரிக்கும். அந்த நேரத்தில் குழந்தையைக் குப்புற முன்கையில் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை அழுத்தமாகத் தட்ட வேண்டும். வெளியே வராவிட்டால் மல்லாத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் 5 முறை அழுத்த வேண்டும். மாறிமாறிச் செய்துகொண்டே இன்னொருவரை 108-க்கு அழைக்கச் சொல்ல வேண்டும். எழுத்தில் படித்தது போதாது. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது குழந்தை மருத்துவரிடமோ செவிலியரிடமோ செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 206 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தானே எடுத்துத் தின்னும் முறையைப் பாதுகாப்பு அறிவுரைகளோடு சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் வெளிவந்த முடிவின்படி, மூச்சடைப்பு நேர்ந்ததில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதில் நான் முக்கியமாகக் கருதுவது, இரண்டு பிரிவிலுமே பல குழந்தைகளுக்கு ஆபத்தான உணவுகள் கொடுக்கப்பட்டிருந்தன என்பதுதான். ஊட்டினாலும் சரி, தானே எடுத்தாலும் சரி, எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. அவர்கள் பெற்றோருக்குச் சொன்ன சோதனை எளிமையானது: துண்டை முதலில் உங்கள் வாயில் போட்டு, பல்லைப் பயன்படுத்தாமல், நாக்கால் அண்ணத்தில் வைத்து நசுக்கிப் பாருங்கள். நசுங்கினால் கொடுக்கலாம்.

நம் வீடுகளில் இந்தச் சோதனையில் தோற்பவை: பச்சைக் கேரட், வேகவைக்காத ஆப்பிள், தேங்காய்த் துண்டு, சுண்டல், வறுத்த கடலை, முறுக்கு, முழுத் திராட்சை, நுங்கின் வழுக்கும் துண்டு. புட்டும் பிஸ்கட்டும் மெத்தென்று தோன்றினாலும் வாயில் தூளாகி உலர்ந்துபோவதால் தொண்டையில் நிற்கும். பொரியல் செய்த அவரை, பீன்ஸ் ஆகியவற்றில் நார் மிஞ்சும்.

உட்காரும் விதமும் இதில் சேர்ந்ததுதான். சாய்ந்த நிலையில், நடக்கும்போது, காரில், அழுதுகொண்டிருக்கையில் எதுவும் வேண்டாம். நாற்காலி வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. தரையில் சம்மணமிட்டு உங்கள் மடிக்கு முன்னால் முதுகு நிமிர அவளை உட்காரவைத்து, எதிரே தட்டை வைத்தால் போதும். துண்டை அவள்தான் வாயில் வைக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா ஆசையாக ஒரு துண்டை வாயில் திணிப்பதை மட்டும் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

8 ஜூன், சனி

இன்று காய்களைப் பற்றி மட்டும்.

சாம்பாருக்குக் காய் வேகவைக்கும்போது புளியும் உப்பும் சேர்வதற்கு முன் குழந்தையின் பங்கை எடுத்துவிடுங்கள். புளி சேர்ந்த பிறகு காய் குழைவது குறைந்துவிடும் என்பது சமைக்கிற எல்லோருக்கும் தெரியும். குழந்தைக்கு நன்றாகக் குழைந்ததுதான் வேண்டும். இன்னும் எளிது, குக்கரில் சோற்றுப் பாத்திரத்தின் மேல் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் விடாமல் நீளமாக அரிந்த காயை வைத்துவிடுவது. பரங்கிக்காய், கேரட், பீட்ரூட், உருளை, சர்க்கரைவள்ளி எல்லாம் அந்த ஆவியிலேயே வெந்துவிடும். பரங்கிக்காயை மட்டும் தோலோடு வைத்தால் நல்லது. சதை குழைந்தாலும் தோல் பிடிமானமாக இருக்கும், அவள் சுரண்டித் தின்றுவிட்டுத் தோலை விட்டுவிடுவாள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஏத்தன் (நேந்திரன்) பழத்தைத் தோலோடு புழுங்கி, உரித்து, நீளவாக்கில் விரலால் லேசாக அழுத்தினால் அது தானே மூன்று பாளங்களாகப் பிரியும். நடுவிலுள்ள கறுப்பு விதைக்கோட்டை எடுத்துவிட்டுக் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் இளையவனுக்கு மதிய உணவில் முதலில் காலியானது எப்போதும் அதுதான். ஆனால் அது வயிறு நிறைக்கும் பண்டம், அதை முதலில் வைத்துவிட்டால் மற்றதைத் தொடமாட்டார்கள், கடைசியில் வையுங்கள்.

முருங்கைக்காயைக் கையில் கொடுத்துச் சப்பவிடலாமே என்கிறார் இன்னொரு சகோதரி. அந்த நார் பிரிந்து தொண்டைக்குப் போகும் என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. சதையைக் கரண்டியால் வழித்து அடையிலோ கொழுக்கட்டையிலோ சேர்த்துவிடுங்கள்.

மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) நன்றாக வெந்து, தண்ணீரை வடித்துக் கொட்டிய பிறகு, நடுநரம்பை எடுத்துவிட்டுக் கொடுக்கலாம். வயிறு நிறையும், சத்து அதிகமில்லை. வேண்டுமானால் என்றாவது ஒரு நாள்.

9 ஜூன், ஞாயிறு

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. காயும் கிழங்கும் பழமும் மட்டுமே அடுக்கினால் தட்டு நிறமாக இருக்கும், இரும்புச்சத்து இருக்காது. கூழை மறுக்கும் குழந்தைகள் விஷயத்தில் எனக்கு உள்ள பெரிய கவலை இதுதான், மூச்சடைப்புக்கு அடுத்தபடி இதைத்தான் வைப்பேன்.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தை தாயிடமிருந்து கொண்டுவந்த இரும்பு இருப்பு ஏறக்குறைய 6 மாதத்தில் கரையத் தொடங்கும், தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. இந்த இடைவெளியை நிரப்பத்தான் சத்துமாவும் பருப்பும் கீரையும் முட்டையும் இறைச்சியும். ஆகவே மதியத் தட்டில் எத்தனை பொருள் இருந்தாலும் அவற்றில் ஒன்றாவது இரும்புக்காக இருக்கட்டும்.

நான் அதிகம் நம்பியது பச்சைப்பயறு அடையைத்தான். இரவு ஊறவைத்த பயறில் நான்கில் ஒரு பங்கு அரிசி சேர்த்து, சீரகமும் ஒரு துண்டு இஞ்சியும் வைத்துக் கெட்டியாக அரைத்து, முருங்கைக்கீரையைக் காம்பு ஒன்றுகூட இல்லாமல் ஆய்ந்து பொடியாக அரிந்து கலக்க வேண்டும். கல்லில் கனமாக ஊற்றி, தீயைக் குறைத்து, மூடிபோட்டு வேகவிட வேண்டும். நமக்குப் பிடித்த முறுகலான ஓரம் குழந்தைக்கு ஆகாது, மூடிக்குள் ஆவியில் வெந்தால் ஓரமும் இளகி இருக்கும். ஆறியதும் நீளமாக வெட்டி, மேலே எலுமிச்சை நாலு சொட்டு பிழியுங்கள். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு ஏற்க வைட்டமின் சி துணைசெய்யும். புளிக்கவைத்த மாவில் தடுப்புப் பொருளான பைட்டேட் குறைவதால் இட்லியும் இந்த வகையில் நல்ல உணவுதான்.

முட்டையை அவித்துக் கொடுத்தால் மஞ்சள் கரு மாவாகி வாயில் அப்பிக்கொள்கிறது. அடித்து, கீரையோ துருவிய கேரட்டோ சேர்த்து, கனமாக, உள்ளே முழுதும் வேகும்படி ஆம்லெட்டாகச் சுட்டு நீளமாக வெட்டினால் பிடிக்கவும் எளிது, மெல்லவும் எளிது. ஆட்டு ஈரலை வேகவைத்து விரல் நீளத்துக்கு அரிந்து வாரம் ஒருமுறை சிறிதளவு கொடுக்கலாம். வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் அதற்கு மேல் வேண்டாம்.

அரசுத் திட்டத்தில் 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் கொடுக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் கிடைக்கும். அவள் உணவை நன்றாகத் தின்னத் தொடங்கினாலும் அதை நிறுத்தலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

9 ஜூன், மாலை

அங்கன்வாடிச் சத்துமாவைப் பற்றி: அது நல்ல பொருள், கஞ்சியாகத்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அதில் வெல்லம் கலந்திருப்பதை மட்டும் நினைவில் வையுங்கள். உப்பும் சர்க்கரையும் ஒரு வயதுக்குள் சேர்க்க வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை என்பதால், நான் அதைப் பச்சைப்பயறு மாவோடு சரிபாதி கலந்து அடையாகச் சுடுவேன், இனிப்பு மட்டுப்படும். தேன் ஒரு வயது வரை ஒரு துளிகூட வேண்டாம். நாக்கில் தடவுவதாகச் சொல்லி யார் வந்தாலும் அனுமதிக்காதீர்கள். அதிலிருக்கக்கூடிய கிருமி வித்துகள் குழந்தையின் குடலில் நஞ்சு உண்டாக்கும்.

13 ஜூன், வியாழன்

"அரை இட்லி, ஒரு கொழுக்கட்டையில் பாதி, அதிலும் பாதி தரையில். இது போதுமா?" என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

தரையில் விழுந்ததும் பாடத்தில் சேர்த்திதான். முதல் சில வாரங்களில் அவள் கற்றுக்கொள்வது எடுத்தல், வாய்க்குக் கொண்டுபோதல், நாக்கால் பக்கவாட்டில் தள்ளுதல் ஆகியவற்றையே. வயிற்றுக்குப் பால் இருக்கிறது. தாய்ப்பாலை 2 வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். ஆனால் மதிய உணவுக்குச் சற்று முன்பு பால் கொடுத்துவிட்டு அவளைத் தட்டின் முன் உட்காரவைத்தால் ஆர்வம் இராது, நன்றாகப் பசிக்கும்போது உட்காரவைத்தால் அழுகைதான் வரும். பால் கொடுத்து ஒரு மணி நேரம் கழிந்த வேளை எங்களுக்குப் பொருந்தி வந்தது.

தட்டில் மீந்ததைக் கொண்டு கணக்குப் போடுவதை விட்டுவிட்டு, எடை ஏறுகிறதா, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா, விளையாட்டில் சுறுசுறுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தாய்-சேய் நல அட்டையில் எடைக்கோடு மேலே போய்க்கொண்டிருந்தால் அமைதியாக இருங்கள். கோடு படுத்துவிட்டால், ஒவ்வொரு வாய்க்கும் இருமினால், எந்தத் திட உணவையும் தொடாமல் 9 மாதமும் கடந்துவிட்டால், அல்லது குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால், இங்கே நாங்கள் எழுதுவதை நம்பி நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு உணவை நாலு தடவை தள்ளிவிட்டாள் என்பதற்காகப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டாம். பத்து தடவைக்கு மேலும் முன்னால் வைத்த பிறகு குழந்தைகள் ஏற்றுக்கொள்வது சாதாரணமாக நடப்பதுதான். பீட்ரூட்டை என் மூத்தவள் மாதக்கணக்கில் தூக்கி எறிந்தாள், பிறகு ஒரு நாள் கேட்டு வாங்கித் தின்றாள்.

13 ஜூன், இரவு

கரண்டியை அடியோடு கைவிட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தயிரைக் கையில் பிடிக்க முடியாது. தயிரில் தோய்த்த கரண்டியை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். தானே வாய்க்குக் கொண்டுபோனால் மறுக்கமாட்டாள். குட்டைக் காம்புள்ள கரண்டி இரண்டு இருந்தால், ஒன்றை அவள் பிடித்திருக்கும்போது மற்றொன்றை நீங்கள் நிரப்பலாம். மாமியாருக்கும் இது மனத்துக்கு நிறைவாக இருக்கும், ஊட்டுகிற கைக்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறதல்லவா. பேத்திக்குத் தன் கையால் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில்தான் பாதி வாக்குவாதம் பிறக்கிறது, அந்த ஆசைக்கும் தட்டில் இடம் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

16 ஜூன், ஞாயிறு

மீன். மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 31 ஜூலை வரை தடை இருப்பதால் குளச்சல் பக்கம் இப்போது வருவதெல்லாம் வள்ளத்து மீன்தான். குழந்தைக்கு அதுவே போதும், சின்ன மீனாக இருப்பது நல்லதும்கூட. சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். சாளையில் (மத்தி மீன்) சத்து நிறைய, முள்ளும் நிறைய. ஆவியில் வேகவைத்து, வெளிச்சத்தில் உட்கார்ந்து, சதையை இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்துத் தேய்த்து முள் பார்த்து எடுக்க வேண்டும். கண்ணைவிட விரல் நுனிதான் முள்ளை நன்றாகக் கண்டுபிடிக்கும். எடுத்த சதையை மசித்த உருளைக்கிழங்கோடு பிசைந்து, நீளமாகத் தட்டிக் கல்லில் சொட்டு எண்ணெயில் இருபுறமும் சூடாக்குங்கள். அவசரமான நாளில் மீனைத் தொடவே வேண்டாம். முள் பார்க்க நிதானம் வேண்டும்.

நிலக்கடலை ஒவ்வாமைக்குப் பயந்து மூன்று வயது வரை தள்ளிவைக்கலாமா என்ற கேள்விக்கு: தள்ளிவைப்பது பாதுகாப்பு என்ற எண்ணம் மாறிவிட்டது. லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த கிடியன் லாக் குழுவினர் ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளிடம் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வயதுக்குள்ளேயே நிலக்கடலையைத் தொடர்ந்து உண்டவர்களிடம் 5 வயதில் அந்த ஒவ்வாமை மிகவும் குறைந்திருந்தது. முழுக் கடலை ஆபத்து. வறுத்து விழுதாக அரைத்து, வெந்நீரில் நீர்க்கக் கரைத்து, இட்லித் துண்டில் மெல்லத் தடவிக் கொடுக்க வேண்டும். கடுமையான கரப்பான் உள்ள குழந்தை, முட்டை ஒவ்வாத குழந்தை என்றால் முதலில் மருத்துவரைக் கேட்ட பிறகே. புதிய உணவு எதையும் முதன்முறை காலையில் கொடுங்கள், இரவில் வேண்டாம். ஏதாவது தடிப்போ வாந்தியோ வந்தால் பகலில் கவனிக்க முடியும்.

22 ஜூன், சனி

வேலைக்குப் போகிறவர்களுக்காக. காலை 7 மணிக்குச் செய்த சோற்றுத் துண்டை மதியம் வரை வெளியே வைக்காதீர்கள். சமைத்த சோறு அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் இருப்பது நல்லதல்ல, நம் ஊர் வெக்கையில் அதுவும் கூடுதல். ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து, மதியம் இட்லிச் சட்டியில் முழுதும் கொதிக்கச் சூடாகும்வரை ஆவி காட்டி, ஆறவைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அடையும் கொழுக்கட்டையும் இப்படி மறுபடி ஆவி காட்டினால் முன்னைவிட மெத்தென்று ஆகும், ஆம்லெட் மட்டும் இறுகிவிடும். அதை அப்போதே சுட்டுக்கொடுப்பது நல்லது. பிடித்த கொழுக்கட்டைகளை ஆவியில் வைக்காமல் உறையவைத்துவிட்டு, வேண்டும்போது நேராக இட்லித் தட்டில் ஏற்றுகிறேன் என்று திருவட்டாறு சகோதரி எழுதியிருக்கிறார், அது நல்ல வழி.

இடியாப்பத்தை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று இருவர் கேட்டதால்: தாராளமாகக் கொடுக்கலாம். தேங்காய்ப் பாலில் தோய்த்துக் கத்தரியால் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி வைத்தால் 9 மாதத்துக்குப் பிறகு இழை இழையாக எடுத்துத் தின்பார்கள். விரல்நுனியில் பொறுக்குவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

22 ஜூன், இரவு

மகள் இன்று கொழுக்கட்டையும் ஆம்லெட்டும் தானாக எடுத்துத் தின்றாள், மாமியாரே அடுத்த முறை பிடிக்கிறேன் என்றார் என்று நீங்கள் எழுதியிருப்பது மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. 10 மாதம் நெருங்கும்போது நீளத் துண்டுகளோடு கடலைப்பருப்பை நன்றாக வேகவைத்து நசுக்கியது, வெந்த காயைப் பொடியாக அரிந்தது என்று பொறுக்கித் தின்னும் அளவிலும் கொஞ்சம் வையுங்கள்.

சக்கை (பலா) காலம் என்பதால் சுளை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழுத்த சுளை வழுக்கும், நார் நாராகப் பிரியும், இப்போது வேண்டாம். காய்ச் சக்கையைக் குழைய அவித்து மசித்து அடை மாவில் சேர்க்கலாம். சக்கைக்கொட்டையைத் தோலும் உள்தோலும் நீக்கி மாவாக வேகவைத்து, கொழுக்கட்டை ரவையோடு பிசைந்து பிடியுங்கள். துண்டாகக் கொடுப்பதானால் இன்னும் இரண்டு, மூன்று வருடம் போகட்டும்.